ஃபர்லோவில் (சம்பளமில்லாத கட்டாய விடுப்பில்) நிற்கும் விமானியும் மூப்பு எண்ணும்: ஓர் எளிய விளக்கம்

2009 ஜனவரி 15 அன்று யூ.எஸ். ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கியதும், அதிலிருந்த 155 பேரும் பிழைத்ததும் பலருக்கு நினைவிருக்கும். இடப்பக்க இருக்கையில் இருந்த கேப்டன் சல்லன்பெர்கரின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. நான் பேச வந்தது வலப்பக்க இருக்கையில் இருந்த துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸைப் பற்றி. அன்றைக்கு அவர் 15,000 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தார். அந்த நிறுவனத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகளைத் தாண்டியிருந்தார். அதற்கு முன்பு அங்கேயே கேப்டனாகவும் இருந்தவர். அப்புறம் ஏன் துணை விமானி இருக்கையில்?

அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நிறுவனம் சுருங்கியது, விமானங்கள் குறைந்தன, அவற்றோடு கேப்டன் இடங்களும் குறைந்தன. இருந்த இடங்கள் வரிசையில் அவருக்கு மேலே நின்றவர்களோடு தீர்ந்துவிட்டன. அவர் கீழே இறங்கி ஏர்பஸ் ஏ320-க்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். ஆற்றில் இறங்கிய அன்று அந்த வகை விமானத்தில் அவருக்கு 40 மணி நேர அனுபவம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த வரிசைக்குப் பெயர் சீனியாரிட்டி லிஸ்ட், நம் வழக்கில் பணிமூப்புப் பட்டியல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இதன் அடிப்படை உடனே புரியும்: முந்திப் பதிந்தவர் முன்னால், பிந்திப் பதிந்தவர் பின்னால். ஆனால் நமக்கு அந்த வரிசை வேலை கிடைக்கும் வரைக்கும்தான். அமெரிக்க விமானிக்கோ வேலை கிடைத்த நாளில்தான் வரிசை தொடங்குகிறது, 65 வயதில் சட்டப்படி ஓய்வு பெறும் நாள் வரை கூடவே வருகிறது.

புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்ட விமானிகள் ஒரு வகுப்பாகப் பயிற்சிக்கு வருவார்கள். வகுப்பு தொடங்கும் தேதிதான் மூப்புத் தேதி. ஒரே நாளில் சேர்ந்த முப்பது பேரை எப்படி வரிசைப்படுத்துவது? பல நிறுவனங்களில் வயதில் மூத்தவர் முன்னால்; சில இடங்களில் சமூகப் பாதுகாப்பு எண்ணின் (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தரும் எண்) கடைசி இலக்கங்களை வைத்து முடிவு செய்வார்கள். எப்படியானாலும் அன்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கிடைத்துவிடும். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோ அந்த எண் ஒன்று குறையும். திறமையைக் காட்டியோ மேலதிகாரியின் நல்ல பெயரைச் சம்பாதித்தோ அதைக் குறைக்க முடியாது.

சரி, அந்த எண் எதையெல்லாம் தீர்மானிக்கிறது? எந்த ஊரைத் தளமாக வைத்துப் பறப்பது, எந்த வகை விமானம், கேப்டனா துணை விமானியா, எந்த மாதத்தில் விடுப்பு, இந்த மாதம் எந்தெந்த நாட்களில் வேலை, கடைசியில் ஆட்குறைப்பு வந்தால் முதலில் யார் வெளியே போவது என்பது வரை எல்லாமே அதைப் பொறுத்தவைதான்.

மாதாந்திர அட்டவணையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நியூயார்க் தளத்தில் 737 ஓட்டும் துணை விமானிகள் 300 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாதத்துக்கான விருப்பங்களை நவம்பரிலேயே எல்லோரும் கணினியில் கொடுத்துவிட வேண்டும். '24, 25 விடுப்பு வேண்டும். அதிகாலைப் புறப்பாடு வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே தங்கும் பயணம் வேண்டாம்.' கணினி அந்த 300 பேரில் முதல் ஆளை எடுத்து, அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆளிடம் போகும். 280-ஆவது ஆளிடம் வரும்போது மிச்சமிருப்பதுதான் அவருக்கு. கிறிஸ்துமஸ் அன்று ஏதோ ஓர் ஊரின் ஹோட்டலில் அவர் தனியாக இருப்பார். அல்லது பயணமே ஒதுக்கப்படாமல் 'ரிசர்வ்' ஆக இருப்பார்: ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கூப்பிட்ட சில மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

வீடு வேறு மாநிலத்தில், தளம் நியூயார்க்கில் என்றால் ரிசர்வ் நாட்களை வீட்டில் கழிக்க முடியாது. அதனால் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டிலில் ஒரு படுக்கைக்கு மட்டும் பணம் கட்டுவார்கள். குவீன்ஸ் பகுதியில் கியூ கார்டன்ஸ் என்றொரு பேட்டை. விமானிகளும் பணிப்பெண்களும் அங்கே இப்படி நிறையத் தங்குவதால் அதை 'க்ரூ கார்டன்ஸ்' என்றே செல்லமாகச் சொல்கிறார்கள். மூப்பு எண் பெரிதாக இருப்பதன் பொருள் தெரிய வேண்டுமென்றால், அந்த அடுக்குக் கட்டிலை மனதில் நிறுத்திக்கொண்டால் போதும்.

இப்படி ஒரு கண்டிப்பான ஏற்பாட்டை விமானிகளே விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். ரயில்வே தொழிலாளர்களிடம் ஏற்கெனவே வேரூன்றியிருந்த பழக்கம் இது. அமெரிக்க விமானிகளின் சங்கம் 1931-இல் டேவிட் பென்கே தலைமையில் உருவானது. ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936-இல் விமான நிறுவனங்களுக்கும் விரிந்தது. அதன்கீழ் வந்த ஒப்பந்தங்களில் மூப்பு நடுத்தூணாக நின்றுவிட்டது. அதன் நியாயம் எனக்குப் பிடிக்கிறது. வானிலை மோசம், இன்று பறக்க முடியாது என்று ஒரு விமானி மறுத்தால் அவருடைய பதவி உயர்வில் யாரும் கை வைக்க முடியாது. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த எண் அந்த ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். நாடு முழுவதற்கும் பொதுவான மூப்புப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. பெரிய விமானத்தில் இருபது ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர் இன்னொரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தால், வேலைக்குத் தேவையான 1,500 மணி நேரப் பறப்பை நேற்றுத்தான் தாண்டிவந்த இளைஞரோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். முதலாண்டு சம்பளம், துணை விமானி இருக்கை, ரிசர்வ், எல்லாம் முதலிலிருந்து. இந்தியாவிலும் வளைகுடாவிலும் அனுபவமுள்ள கேப்டனை நேராகக் கேப்டனாகவே எடுப்பது சாதாரணம். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியபோது அதன் விமானிகளை எடுத்துக்கொண்ட நிறுவனங்கள், அவர்கள் ஓட்டிப் பழகிய விமான வகையையும் பறந்த மணி நேரத்தையும் பார்த்தன. அமெரிக்கப் பெரிய நிறுவனங்களில் அந்தப் பேரத்துக்கு இடமே இல்லை.

இனி ஃபர்லோ. நம் செய்தித்தாள்களில் இந்தச் சொல் சிறைக் கைதிகளுக்குத் தரும் விடுப்பாக வரும், இது வேறு. அமெரிக்க விமான நிறுவனத்தில் ஃபர்லோ என்றால் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது, ஆனால் வரிசையில் உங்கள் இடத்தை அழிக்காமல் வைத்திருப்பது. கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவார். நிலைமை சீரானதும் மூப்பு வரிசைப்படியே திரும்ப அழைப்பார்கள், அதாவது கடைசியாகப் போனவர் முதலில் திரும்புவார். அந்த உரிமை எத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கும் என்பது ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு மாதிரி.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு யுனைடெட் நிறுவனம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளை இப்படி வீட்டுக்கு அனுப்பியது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்ப அழைக்கப்பட்டவர்களில் பலர் 2008-09 நெருக்கடியில் மறுபடியும் வெளியே நின்றார்கள். அந்த முறை அனுப்பப்பட்டவர்கள் ஆயிரத்து நானூறு பேருக்கு மேல். 2020-இல் கொரோனா காலத்தில் அரசின் சம்பள உதவி செப்டம்பர் 30-உடன் முடிந்தது. மறுநாளே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சுமார் 1,600 விமானிகளை ஃபர்லோவில் அனுப்பியது. ஆண்டு முடிவதற்குள் அடுத்த உதவி வந்ததால் அவர்கள் திரும்பினார்கள். ஒரே சொல்தான், ஒரு தடவை மூன்று மாதம், இன்னொரு தடவை பத்தாண்டு. போகும்போது இது எதில் சேரும் என்று யாருக்கும் தெரியாது. மிகக் கொடுமையான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது 36 வயதான ஒரு துணை விமானியை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைப்பவை. அவருடைய நிறுவனத்தில் 3,000 விமானிகள். அவர் எண் 2,900. கடைசி 300 பேரை ஃபர்லோவில் அனுப்புகிறார்கள். அவர் திரும்ப வேண்டுமானால் 2,701-இல் தொடங்கி அவரையும் சேர்த்து 200 பேருக்கு இடம் திறக்க வேண்டும். ஆண்டுக்கு 60 பேர் ஓய்வு பெற்று, அந்த இடங்களை நிறுவனம் நிரப்பிக்கொண்டே வந்தால்கூட மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நிரப்பாமல் விட்டால் காலக் கணக்கே இல்லை.

இன்னொன்றும் நடக்கலாம், நடந்தும் இருக்கிறது. 2007 டிசம்பரில் அமெரிக்காவில் ஓய்வு வயது 60-இலிருந்து 65-ஆக உயர்ந்தது. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல செய்தி. கீழே காத்திருந்தவர்களுக்கோ, ஓய்வினால் திறக்க வேண்டிய கதவுகள் ஐந்து ஆண்டுகளுக்கு ஏறக்குறைய மூடியே கிடந்தன.

அந்த 36 வயது துணை விமானிக்கு இரண்டு புது நிறுவனங்கள் வேலை தர முன்வருகின்றன. முதலாவது சிறியது, வேகமாக வளர்வது. 1,200 விமானிகள், பெரும்பாலோர் இளைஞர்கள். சேர்ந்தால் கடைசி ஆள். ஐந்தாண்டில் அது 2,000 விமானிகளாக வளர்ந்தால், அவர் எண் 1,100 பக்கம் இருக்கும். எண் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அவருக்குக் கீழே 900 பேர் வந்துவிட்டார்கள். புது விமானங்களுக்குக் கேப்டன்கள் தேவை என்பதால் நாலைந்து ஆண்டில் இடப்பக்க இருக்கையும் கிடைக்கலாம். இரண்டாவது பெரியது, பழையது. 6,000 பேர், ஆண்டுக்கு 250 பேர் ஓய்வு. அளவு மாறாமல் இருந்தால் எட்டாண்டில் அவர் எண் 4,000, பதினைந்தாண்டில் 2,250. தொடக்கத்தில் மெதுவாக நகரும், ஆனால் ஐம்பது வயதைத் தாண்டும்போது அகல உடல் விமானமும் (நெடுந்தூரம் பறக்கும் பெரிய வகை) நல்ல அட்டவணையும் கைக்கெட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள் என்பதைவிட அவர்களுக்கு என்ன வயது என்பது. முன்னால் நிற்கும் ஐயாயிரம் பேரும் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்றால் வரிசை தானாக நகரும். முன்னால் நிற்கும் ஐந்நூறு பேரும் உங்களைவிட இளையவர்கள் என்றால், நீங்கள் ஓய்வு பெறும் நாளிலும் அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே நிற்பார்கள். சின்ன நிறுவனத்தின் வளர்ச்சி நின்றுபோனால் அவருடைய கதை அங்கேயே நின்றுவிடும்.

இதனால்தான் ஃபர்லோவில் இருக்கும் விமானிகள் சேரும் தேதியில் இவ்வளவு குறியாக இருக்கிறார்கள். மாதத்துக்கு 50 பேரை எடுக்கும் நிறுவனத்தில் 'பழைய இடத்திலிருந்து அழைப்பு வருமோ என்னவோ, பார்க்கலாம்' என்று ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 300 பேர் முன்னால் போய்விடுவார்கள். அந்த 300 பேரில் பாதிப்பேர் இவரைவிட இளையவர்கள் என்று வையுங்கள். அந்த 150 பேர் ஓய்வு பெற்று இவருக்கு வழிவிடப்போவதே இல்லை. ஆறு மாதச் சம்பளத்தைப் பிறகு சம்பாதித்துவிடலாம், அந்த 150 இடங்களை இருபத்தொன்பது ஆண்டுகள் பறந்தாலும் மீட்க முடியாது.

அப்படியானால் உடனே சேர்ந்துவிட வேண்டியதுதானே? பெரும்பாலும் ஆமாம் என்பதுதான் என் கருத்து. ஒரு கணக்கு மட்டும் பாக்கி இருக்கிறது: பழைய எண்ணை என்ன செய்வது?

ஃபர்லோவில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தில் வேலை பார்க்கலாம், பழைய எண் அழியாது. புது நிறுவனத்துக்குத்தான் தயக்கம். ஒரு விமானியை ஒரு வகை விமானத்துக்குப் பயிற்சி கொடுத்துத் தயாராக்கப் பல வாரங்களும் நிறையப் பணமும் ஆகும். பழைய நிறுவனம் கூப்பிட்டதும் அவர் ஓடிவிட்டால் அதெல்லாம் வீண். அதனால் சில நிறுவனங்கள், பழைய நிறுவனத்தின் மூப்பு எண்ணை விட்டுக்கொடுத்துவிட்டதாக எழுதிக் கேட்கும். கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். பழைய இடத்தில் சேர்ந்து பத்து நாளே ஆனவருக்கு அது ஒன்றும் பெரிதில்லை. எட்டாண்டு சேவையும் பெரிய நிறுவனமும் என்றால், கையெழுத்துக்கு முன் அந்தப் பழைய நிறுவனத்தின் ஓய்வுக் கணக்கை வாங்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுவாரியாக எத்தனை பேர் 65-ஐத் தொடுகிறார்கள் என்பது விமானிகளிடையே ரகசியமல்ல. சங்கத்தில் கேட்டால் கிடைக்கும்.

எழுதித் தரக் கேட்காத நிறுவனம் கிடைத்தால், இரண்டு வரிசையிலும் ஒரே நேரத்தில் நிற்கும் வாய்ப்பு அமைகிறது. அதை இன்னும் நீட்டவும் வழி உண்டு. பல ஒப்பந்தங்களில், திரும்ப அழைப்பு வந்ததும் 'இப்போது வேண்டாம், எனக்குக் கீழே இருப்பவரைக் கூப்பிடுங்கள்' என்று தள்ளிவைக்கலாம். கீழே ஆள் இருக்கும் வரை எண் பத்திரமாக இருக்கும். கீழே இருக்கும் எல்லோரையும் அழைத்து முடித்து, வேறு வழியில்லை, வருகிறாயா இல்லையா என்று நிறுவனம் கேட்கும் நாளில்தான் முடிவெடுக்க வேண்டிவரும். அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் எந்த நிறுவனம் வளர்கிறது, எது ஆட்டம் காண்கிறது என்று ஓரளவு தெரிந்திருக்கும்.

மூப்பையும் சேவைக் காலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூப்பு என்பது வரிசையில் இடம். சேவைக் காலம் என்பது சம்பள அட்டவணையில் எத்தனையாவது படி என்பது; வழக்கமாகப் பன்னிரண்டு ஆண்டு வரை ஏறும். ஃபர்லோவில் இருந்த ஆண்டுகளில் உங்கள் எண் காப்பாற்றப்பட்டாலும், அந்த ஆண்டுகள் சேவைக் காலத்தில் சேராமல் போகலாம். பழைய இடத்துக்குத் திரும்பும்போது நான்காம் ஆண்டுச் சம்பளத்தில் தொடங்குவதா, எட்டாம் ஆண்டிலா என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி தீர்மானிக்கும். அந்த வரியைத் தேடிப் படித்தே ஆக வேண்டும்.

இவ்வளவு கணக்குப் போட்டபிறகும் ஒரு நாள் காலையில் இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன என்று செய்தி வரும். அப்போது இரண்டு பட்டியல்களை ஒன்றாகப் பின்ன வேண்டும். ஃபர்லோவில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து இல்லை. 2001-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ. விமானிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கன் பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 வந்தது, அதைத் தொடர்ந்த ஆட்குறைப்பில் அடியில் இருந்தவர்கள்தான் வெளியே போனார்கள். அந்தக் காயத்தின் விளைவாக, இணைப்பின்போது மூப்புப் பட்டியல்களை நியாயமாகவும் சமமாகவும் சேர்க்க வேண்டும், உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் போக வேண்டும் என்று மெக்காஸ்கில்–பாண்ட் திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமானது.

யூ.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-இல் இணைந்த கதை இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாடம். யூ.எஸ். ஏர்வேஸில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியவர்கள்கூட ஃபர்லோவில் இருந்தார்கள். அமெரிக்கா வெஸ்ட்டிலோ சேர்ந்து சில மாதங்களே ஆனவர்களும் பறந்துகொண்டிருந்தார்கள். சேர்ந்த தேதியை மட்டும் பார்த்தால் முதல் தரப்பு மேலே வர வேண்டும். நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ் 2007 மே மாதம் தந்த தீர்ப்பில், இணைப்பு நாளில் வேலையில் இருந்தவர்களை மேலேயும் ஃபர்லோவில் இருந்தவர்களைக் கீழேயும் வைத்தார். வேலையே இல்லாதவர் வேலையில் இருப்பவருக்கு மேலே எப்படி வர முடியும் என்பது அவர் வாதம். எண்ணிக்கையில் கூடுதலாக இருந்த யூ.எஸ். ஏர்வேஸ் விமானிகள் கொதித்துப்போய் 2008-இல் பழைய சங்கத்தையே மாற்றினார்கள். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. ஹட்சனில் இறங்கிய விமானத்தின் இரண்டு விமானிகளும் அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த நிறுவனத்தில்தான் பறந்துகொண்டிருந்தார்கள்.

இதைப் படித்தபிறகு, ஃபர்லோவில் காத்திருப்பதை ஒரு பாதுகாப்பான நிலை என்று என்னால் நினைக்க முடியவில்லை. காகிதத்தில் இருக்கும் எண்ணைவிட, இன்று நிஜமாகப் பறந்துகொண்டிருக்கும் எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. 2024-லும் 2025-லும் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் நூற்றுக்கணக்கான விமானிகளை ஃபர்லோவில் அனுப்பியது. 2024 நவம்பரில் அது திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றமும் போனது. அப்படி ஓர் இடத்தில் இருக்கும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓராண்டு காத்திருப்பவருக்கும், அடுத்த மாத வகுப்பிலேயே வேறொரு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்துவிட்டவருக்கும் நடுவே எத்தனை நூறு பேர் வந்துவிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நிறுவனத்தின் நிதிநிலை நலிந்திருந்தால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். நிறுவனம் பெரியது, ஓய்வுக் கணக்கு நல்லது, சேவையும் ஆறேழு ஆண்டு என்றால், எழுதித் தரக் கேட்காத இடமாகப் பார்த்துச் சேர்ந்து, பழைய எண்ணையும் வைத்துக்கொள்வதே நல்லது.

வைத்துக்கொள்வதற்கு ஒரு சின்ன வேலை உண்டு. திரும்ப அழைப்பு பெரும்பாலும் பதிவுத் தபாலில், நிறுவனத்திடம் கடைசியாகக் கொடுத்த முகவரிக்கு வரும். இத்தனை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். பதில் இல்லாவிட்டால் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். வேலை போனவர் வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுவார், பெற்றோரின் ஊருக்குப் போவார், புது வேலைக்காக இன்னொரு மாநிலத்தில் குடியேறுவார். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பழைய நிறுவனத்துக்குப் புது முகவரியை எழுத்தில் தெரிவித்து, அதற்கான ரசீதை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.